இரண்டு வால்வில் ஒன்று மட்டும் கொதித்தால்

பிள்ளை ஆசைப்பட்டு வாங்கி வந்த பழைய கிடார் ஆம்ப்ளிபயர் ஒரே மாதத்தில் உறும ஆரம்பித்துவிட்டதாம். ரிப்பேர்காரர் திறந்து பார்த்து, “ஒரு வால்வில் 34, இன்னொன்றில் 62 ஓடுகிறது, இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும்” என்று சொல்லிவிட்டாராம். விலையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது, அவர் சொல்வது சரிதானா என்று ஒரு சகோதரி கேட்டு எழுதியிருக்கிறார். சரியாக இருக்கலாம், அம்மா. ஆனால் காலணா செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்து பார்க்காமல் பணப்பையைத் திறக்காதீர்கள்!

வால்வு ரேடியோக்கள் பரணுக்குப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. கிடார்காரர்கள் மட்டும் அந்த இனிமை வேறெதிலும் வராது என்று இன்னும் வால்வை விடமாட்டேன் என்கிறார்கள். இவர் வீட்டில் இருப்பது 1960களில் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் செய்த பெண்டர் ‘சூப்பர் ரிவெர்ப்’. (அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே சொருகாமல் நடுவே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.) அதன் பின்புறம் 6எல்6ஜிசி என்ற பெரிய வால்வுகள் இரண்டு உண்டு. மரம் அறுப்பவர்கள் இருவர் எதிரெதிரே நின்று ரம்பம் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக் கொடுப்பார். இந்த இரண்டு வால்வுகளும் அப்படித்தான் மாறி மாறி உழைக்கின்றன.

வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் இரண்டிலும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக் கொண்டே இருக்க வேண்டும். பாலைச் சிறு தணலில் வைத்திருப்பது போல. அந்தத் தணலை நிர்ணயிப்பதுதான் ‘பயாஸ்’. வால்வுக்குள் கிரிட் என்றொரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதற்குச் சுமார் 50 வோல்ட் நெகட்டிவ் கொடுத்து ஓட்டத்தை அடக்கி வைக்கிறார்கள். அந்த நெகட்டிவ் குறைந்தால் தணல் ஏறிவிடும். ரிப்பேர்காரர் சொன்ன 34ம் 62ம் மில்லி ஆம்பியர் கணக்கு. 450 வோல்டில் 62 என்றால் ஏறக்குறைய 28 வாட் உஷ்ணம். அந்த வால்வு தாங்கும் உச்சமே 30 வாட்தான். இன்னும் சற்று ஏறினால் உள்ளே இருக்கும் தகடு சிவந்துவிடும். சிவப்பைக் கண்டால் பாட்டு முடியட்டும் என்று காத்திராமல் உடனே ஸ்விட்சை அணையுங்கள்.

உறுமலுக்கும் காரணம் இதுவே. இரு பக்கமும் சமமாக ஓடினால், மின்சாரத்தோடு வரும் இரைச்சல் டிரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று அடித்துக் கொண்டு போய்விடும். சமம் கெட்டால் அது ஒலிபெருக்கியில் கேட்கும். நாலைந்து மில்லி ஆம்பியர் வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. அதற்காக வால்வை மாற்றச் சொன்னால் நான் ஒப்புக் கொள்ளமாட்டேன். 28 வித்தியாசம் என்பது வேறு விஷயம்.

சரி, சோதனை என்ன? இரண்டு வால்வுகளையும் ஆறவிட்டுக் கழற்றி, இடம் மாற்றிச் சொருகி, மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்! 62 அந்த வால்வோடு கூடவே புது இடத்துக்குப் போனால், கோளாறு வால்வில்; ரிப்பேர்காரர் சொன்னது நியாயம். வால்வு மாறியும் 62 பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தால், வால்வு நிரபராதி. அப்போது புது ஜோடி போட்டாலும் அந்தப் பக்கத்து வால்வு அதே கதிக்குத்தான் ஆளாகும்.

அப்படியானால் குற்றவாளி யார்? பெரும்பாலும் ஒரு சின்னக் கண்டென்ஸர். முந்திய வால்விலிருந்து நாதத்தை மட்டும் விட்டு, அங்கேயுள்ள பாஸிட்டிவ் வோல்டேஜைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. வயதாகிக் கசிய ஆரம்பித்தால் அந்தப் பாஸிட்டிவ் கிரிட்டுக்கு வந்து, நெகட்டிவைத் தின்றுவிடும். பெரிய வால்வுகளைக் கழற்றிவிட்டு இரு இடத்திலும் கிரிட் வோல்டேஜை அளந்தால் தெரிந்துவிடும். ஒன்றில் 50, மற்றதில் 41 என்று காட்டினால் கண்டென்ஸரின் ஒரு முனையை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். 41 ஏறி 50க்கு வந்தால் திருடன் அகப்பட்டான். இரண்டும் சமமாகவே இருந்தால், சாக்கெட்டின் தளர்ந்த பிடி, 470 ஓம் ஸ்கிரீன் ரெஸிஸ்டர், அளப்பதற்கென்று வைத்த 1 ஓம் ரெஸிஸ்டர் இவற்றைப் பார்க்கட்டும். கடைசியாகச் சொன்னது கெட்டிருந்தால் மீட்டரே பொய் சொல்லும்.

1960களின் கடைசியிலும் 1970களிலும் வந்த பல பெண்டர்களில் இரு பக்கத்தையும் சமமாக்கும் திருகு ஒன்றுண்டு. உறுமல் அடங்கும்வரை அதைத் திருப்பிவிட்டு, “ஆயிற்று” என்பார்கள் சிலர். கண்டென்ஸர் கசிந்து கொண்டிருக்கும்போது அதைத் திருப்புவது, ஒழுகும் கூரைக்கு அடியில் பாத்திரம் வைப்பதுதான்.

மீட்டர் வேலையை நீங்களே செய்ய ஆசைப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்ஸர்கள் 450 வோல்டைச் சேர்த்து வைத்திருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். பிள்ளையையும் மூடியைத் திறக்க விடாதீர்கள். ஒலிபெருக்கியின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டவும் கூடாது, டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

கண்டென்ஸர்தான் காரணம் என்று தெரிந்தால், அதன் ஜோடியான எதிர்ப்பக்கத்துக் கண்டென்ஸரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே வயது. பிறகு பழைய வால்வுகளையே போட்டு இன்னொரு முறை அளக்கட்டும். இரண்டும் 35ஐ ஒட்டி நின்றால், வால்வுக்கென்று எடுத்து வைத்த பணம் உங்கள் பெட்டியிலேயே இருக்கலாம்.