பழைய மொனிட்டருக்கு ஒரு வருத்தமும் இல்லை

"மொனிட்டர் பழசாகிட்டு, புதுசொன்னு எடுங்க." கொம்பியூட்டர் இருக்கிற எந்த வீட்டுக்கும் ஒருநாள் இந்த வசனம் வந்து சேரும். எழுத்து அளவுக்கு மிஞ்சிப் பெரிசாத் தெரியுதா? ஓரத்துல கறுப்புப் பட்டை விழுதா? படம் ஒரு பக்கமா நகர்ந்து நிக்குதா? எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான் எழுதித் தாறாங்க. இந்த மூன்றுக்கும் மொனிட்டரின் வயதுக்கும் அநேகமாக ஒரு சம்பந்தமும் கிடையாது என்று நாங்கள் சொல்கிறோம்.

மடவளையில் பல வீட்டு மேசைகளில் இன்னும் நிற்பது 17 அங்குல சதுர மொனிட்டர். அதன் திரையில் குறுக்கே 1280, நெடுக்கே 1024 புள்ளிகள் இருக்கின்றன. 15 அங்குலம் என்றால் 1024, 768. இந்த எண்ணிக்கை கண்ணாடிக்குள்ளேயே நிலையாக இருப்பது, மாறாது. கொம்பியூட்டர் வேறு கணக்கில் படம் அனுப்பினால் மொனிட்டர் அதை இழுத்தோ சுருக்கியோதான் காட்டும். பெயின்ட்டைத் திறந்து, ஷிப்ட் பட்டனை அமத்திக்கொண்டு ஒரு வட்டம் கீறிப் பாருங்கள். அது முட்டை மாதிரித் தெரிந்தால் பிழை ரெசலூஷனில்.

சரியான ரெசலூஷன் பட்டியலிலேயே இல்லையென்றால் பெரும்பாலும் டிரைவர் இல்லை என்று அர்த்தம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அதைச் சாட்டி மெஷினை அழித்துத் திரும்ப விண்டோஸ் போட்டவர்கள் நிறையப் பேர். போட்ட பிறகு டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், உங்கள் இன்டெல், ஏஎம்டி அல்லது என்விடியா டிரைவரை இன்னும் போடவில்லை. அதுக்கு மொனிட்டர் என்ன செய்யும்?

டிரைவரும் சரியென்றால் கேபிளைப் பாருங்கள். நீல நிற விஜிஏ கேபிளின் 12ஆம், 15ஆம் பின்களூடாகத்தான் மொனிட்டர் தன் அளவைக் கொம்பியூட்டருக்குச் சொல்கிறது. பின் உடைந்தாலோ மலிவுக் கேபிளில் அந்தக் கம்பியே இல்லாவிட்டாலோ, கொம்பியூட்டர் ஒரு குத்துமதிப்பில் படம் அனுப்பும். படம் நகர்ந்து நின்றால், வெள்ளையான பக்கமொன்றை முழுத் திரைக்கும் விரித்துவிட்டு மொனிட்டரின் 'ஓட்டோ' பட்டனை அமத்துங்கள். வெளிச்சத்தை வைத்துத்தான் அது ஓரத்தைக் கண்டுபிடிக்கிறது, கறுப்புத் திரையில் செய்தால் சரிவராது. டிவியை மொனிட்டராகப் பாவிக்கிறவர்களுக்கு ஓரம் வெட்டுப்பட்டால், டிவி மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் பிட்' என்று ஒன்று இருக்கும். இவ்வளவுக்கும் ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் போதும்.

எழுத்து சின்னதென்று ரெசலூஷனைக் குறைக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். ரெசலூஷனைக் குறைத்தால் எழுத்து பெரிசாகும், கூடவே மங்கும். இங்கிலிஷ் எழுத்து மங்கினாலும் ஒருமாதிரி வாசிக்கலாம். தமிழில் 'க'வுக்கும் 'க்'குக்கும் இடையில் இருப்பது ஒரேயொரு புள்ளி. அது கரைந்துபோன திரையில் ஏ/எல் பிள்ளை ஒன்று இரவிரவாக நோட்ஸ் வாசித்தால் கண் வலிக்கத்தான் செய்யும். ரெசலூஷனை உரிய இடத்திலேயே வைத்துவிட்டு, ஸ்கேல் என்பதை 125 வீதமாக்குங்கள். எழுத்தும் பெரிசாகும், புள்ளியும் தப்பும்.

"கடைக்கார நாநாமாரும் பிழைக்கத்தானே வேணும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேணும்தான். பார்த்துக் கொடுத்ததற்குக் கூலி வாங்கட்டும், நாங்கள் மனதாரக் கொடுப்போம். பிழை பார்ப்பதற்குக் கூலி கேட்க வெட்கப்பட்டு, புதுப் பொருளின் இலாபத்தில் அதைத் தேடுவதைத்தான் எதிர்க்கிறோம். உண்மையிலேயே செத்துப்போகிற மொனிட்டர்களும் உண்டு. பின்வெளிச்சம் போகும், கெப்பாசிட்டர் ஊதும். அப்படியானால் அதைத் திறந்து காட்டிச் சொல்லுங்கள். "பழசு" என்பது ஒரு நோயின் பெயரல்ல.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள ஏலாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு சாமானின் விலையும் எங்கள் வீடுகளில் எப்படி இறங்கியதென்று எல்லோருக்கும் தெரியும். அதே 2022இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6 கோடி 20 இலட்சம் தொன் என்று ஐ.நா.வின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேர்த்து மீள்சுழற்சி செய்யப்பட்டதற்குக் கணக்கு இருப்பது அதில் கால்வாசிக்கும் குறைவு. பழைய குண்டு மொனிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய எல்சிடிகளின் பின்விளக்கில் பாதரசம் இருக்கிறது. நல்லாயிருக்கிற ஒன்றை எறிந்தால் வாப்பாவின் காசும் போகும், எங்கள் மண்ணும் தண்ணியும் கெடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. இங்கே அப்படியொரு சட்டம் வரும்வரை, கேள்வி கேட்கிற வாடிக்கையாளர்தான் சட்டம்.

ஆகவே அடுத்த முறை யாராவது "மாத்துங்க" என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: ரெசலூஷன் எவ்வளவு? டிரைவர் போட்டிருக்கா? வேற கேபிள் போட்டுப் பார்த்தீங்களா? மூன்றுக்கும் பதில் வராவிட்டால் மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.