ஐந்து லட்சம் வேலைகளில் ஒன்று

மாண்புமிகு ஒன்றியத் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் அரசின் அறிவிப்புகளைக் குறை காண்பதற்கென்று கேட்கிறவன் அல்லன் நான், நம்பிக் கேட்கிறவன். சாலிகிராமத்தில் முப்பது ஆண்டுகளாகப் படத்தொகுப்பு செய்கிறேன். 2022 பிப்ரவரியில் நிதியமைச்சர் தம் பட்ஜெட் உரையில், அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளில் இளைஞர்களுக்குப் பெரும் வேலைவாய்ப்பு இருக்கிறது, அதற்கென ஒரு பணிக்குழு அமைப்போம் என்றபோது டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நாங்கள் இருட்டறையில் செய்கிற வேலைக்கு நாடாளுமன்றத்தில் பெயர் சொல்லி அழைப்பு வந்தால் புல்லரிக்காதா? அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டு, "பையனை இன்ஜினியரிங்ல தள்ளாதே, இதுல சேர்த்துடு" என்றேன். அக்கா இரண்டு வளையல்களை அடகு வைத்து அவனைச் சேர்த்தார். அவற்றை இன்னும் மீட்கவில்லை.

பையன் நன்றாகத்தான் படித்தான். ரோட்டோ வேலை கிடைத்தது. தங்களுக்கு அது பழக்கமில்லாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். கதாநாயகியின் கூந்தல் காற்றில் பறக்கிறது. பின்னால் இருக்கும் தெருவை எடுத்துவிட்டு மலையை வைக்க வேண்டும். பச்சைத் திரை கட்டாமல் எடுத்துவிட்டார்கள் என்றால், அவளைக் காட்சியிலிருந்து ஓரம் ஓரமாகப் பிரித்தெடுப்பது ஒருவன் கை வேலை. நொடிக்கு 24 ஃபிரேம், ஐந்து நொடி ஷாட்டுக்கு 120. முடிக்கற்றையின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, கூந்தல் அசைய அசைய அந்தப் புள்ளிகளை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒருநாள் இரவு அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அக்கா, "இது புள்ளிக்கோலம்தானேடா?" என்றார். அதைவிடச் சரியாக நான் இதுவரை விளக்கியதில்லை.

அவன் என்ன வேலையில் இருந்தான் என்று தாங்கள் கேட்டால்தான் எனக்குத் தடுமாற்றம். முதல் ஆறு மாதம் ட்ரெய்னி. சம்பளம் இல்லை, சான்றிதழ் உண்டு. பிறகு 'ப்ராஜெக்ட் பேஸிஸ்'. நடுவில் சில வாரம் ஷாட் கணக்கு. கடைசியில் 'கன்சல்டன்ட்'. உட்கார்ந்த நாற்காலி அதேதான், வருகிற நேரமும் அதேதான். போகிற நேரம் மட்டும் டெலிவரியைப் பொறுத்தது. கையில் வந்தது சம்பளம் அல்ல, 'ப்ரொஃபஷனல் ஃபீஸ்'. அதில் பத்து விழுக்காடு டிடிஎஸ் பிடித்தம். பி.எஃப் கிடையாது, இ.எஸ்.ஐ கிடையாது. வரி பிடிக்கும்போது நிபுணர், லீவு கேட்கும்போது பொடியன்.

இந்த ஆண்டு பொங்கலுக்கு முன் ஸ்டூடியோ மூடப்பட்டது. தகவல் வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு மாதப் பணம் நின்றுபோனது. தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கா தம்பி?" என்று கேட்டார். பையன் கழுத்துப் பட்டையோடு அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். அவர் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அட்டைப்பா, பேப்பர் வேணும்" என்றார்.

சட்டம் இல்லாமலா போயிற்று? திரைத் தொழிலாளியை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981லேயே நாடாளுமன்றம் சொல்லிவிட்டது. தங்கள் அரசு அதை இன்னும் விரிவாக்கியது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் அனிமேஷன், விளம்பரம், வெப் சீரிஸ் எல்லாம் பெயர் சொல்லி இடம்பெற்றன. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பையனுக்கு நின்றுபோனது நவம்பர், டிசம்பர் பணம். சட்டமும் அவனும் எவ்வளவு நெருங்கி வந்து ஒருவரையொருவர் பார்க்காமல் போயிருக்கிறார்கள், பாருங்கள். (நான் உதவியாளனாக இருந்தபோதும் யாரும் பேப்பர் தந்ததில்லை. ஆனால் யூனியன் கார்டு இருந்தது. பாக்கி வைத்த தயாரிப்பாளருக்கு ரிலீஸ் நெருங்கும்போது ஞாபகம் வந்துவிடும். கணினி முன் புள்ளி வைக்கிறவனுக்கு அந்தக் கார்டும் இல்லை.)

இதற்கிடையே இந்தத் துறைக்கான அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. 2024 செப்டம்பரில் மும்பையில் ஓர் உயர்சிறப்பு மையத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதனால் ஐந்து லட்சம் வேலைகள் என்றார்கள். 2025 மே மாதம் அதே மும்பையில் நான்கு நாள் உச்சி மாநாடு. இந்த ஆண்டு பட்ஜெட்டில் 15,000 பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் ஆய்வகங்கள். 2030க்குள் இருபது லட்சம் பேர் தேவைப்படுவார்களாம். நான் கணக்கில் கெட்டிக்காரன் அல்லன். ஆனாலும் அந்த ஐந்து லட்சத்தில் அக்கா மகன் உண்டா, இல்லையா? உண்டு என்றால் எந்தப் பெயரில்? ட்ரெய்னியாக ஒன்று, கன்சல்டன்டாக ஒன்று என நான்கு முறை எண்ணப்பட்டானோ என்றுகூட ஓர் அல்ப சந்தேகம் எனக்கு.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வெளிநாட்டுப் படங்கள் இங்கே செய்யும் செலவில் 40 விழுக்காடு வரை, 30 கோடி ரூபாய் உச்சவரம்போடு, அரசு திருப்பித் தரும் என்று 2023இல் கோவா திரைப்பட விழாவில் அறிவித்தீர்கள். அனிமேஷனும் விஎஃப்எக்ஸும் அதில் அடக்கம். அந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஆடிட்டர் கையொப்பமிட்ட செலவுக் கணக்கைக் கேட்பீர்கள் அல்லவா? அதோடு, வேலை செய்தவர்களின் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தங்களையும் சேர்த்துக் கேளுங்கள். புதுச் சட்டம் வேண்டாம், புதுக் குழுவும் வேண்டாம். விண்ணப்பத்தில் ஒரு வரி போதும்.

அக்காவின் சின்னப் பெண் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அண்ணனைவிட நன்றாக வரைவாள். அவளும் இதே படிப்பைத்தான் கேட்கிறாள். இந்த முறை பேச்சு போனில் இல்லை, அக்கா நேரில் வந்து உட்கார்ந்துகொண்டு, "நீ என்னடா சொல்றே?" என்றார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அதற்குள் தங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் அறிவிப்புகளைத் தவறாமல் கேட்கும்
சாலிகிராமத்துப் படத்தொகுப்பாளன்