சிறு பொட்டலத்துக்கும் பட்டியல் வேண்டும்

தலைமுடியை மிருதுவாக்கும் பொருட்டுக் கடைகளில் விற்கப்படும் கண்டிஷனர் என்னும் வெண்ணிறக் குழம்பைப் பற்றி, அதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அறிந்திருப்பது அதன் முகப்பில் அச்சிட்ட படத்தையும் வாசகத்தையும் மட்டுமே. பின்புறத்தில் பொடி எழுத்தில் வரிசையாக நிற்கும் இரசாயனப் பெயர்களே அந்தப் பொருள் இன்னதென்று சொல்லும் உண்மையான சாசனம் என்பதையும், சற்றே பழகினால் எவரும் அதை வாசித்துவிட முடியும் என்பதையும், நம் நாட்டில் ஏழை எளியவர்கள் வாங்கும் சின்னஞ்சிறு பொட்டலத்தில் மட்டும் அந்தச் சாசனம் சட்டத்தின் சம்மதத்துடனேயே விடுபட்டுப்போகலாம் என்பதையும் எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

கேசத்தின் ஸ்வபாவத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தலைத்தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடியில் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. அது கெராட்டின் என்னும் புரதத்தாலான நார். அந்த நாரின்மேல், கூரையில் ஓடு வேய்ந்தாற்போல, மெல்லிய செதில்கள் ஒன்றையொன்று தழுவியவண்ணம் நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. அச்செதில்களின்மேல் நுண்ணியதொரு கொழுப்புப் படலத்தை இயற்கையே போர்த்தியிருக்கிறது. சாயமும், நிறத்தை வெளுக்கும் மருந்தும், காரம் மிகுந்த சோப்பும், வெயிலும், ஓயாத சீப்பின் உராய்வும் சேர்ந்து அந்தப் படலத்தைப் போக்கிச் செதில்களையும் பெயர்த்துவிடும்போது, முடி நீரை மிகுதியாகக் குடித்து உப்புகிறது, உலர்ந்தபின் சொரசொரக்கிறது, ஒன்றோடொன்று பின்னிச் சிக்கு விழுகிறது, ஒளியைச் சீராகத் திருப்பி அனுப்ப மாட்டாமல் பொலிவிழக்கிறது. உயிரற்ற பொருளாதலால் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் சக்தியும் அதற்கு இல்லை. ஆகவே, முடிக்கு ஊட்டம் தருகிறோம் என்று எந்தப் புட்டி சொன்னாலும் அதை நம்புவதற்கில்லை; வளரும் முடிக்குரிய ஊட்டம் வேரின் அடியில் ஓடும் இரத்தத்தின் வழியாகவே வந்தாக வேண்டும். சேதமுற்ற மேற்பரப்பின்மீது தற்காலிகமாக ஒரு போர்வையைப் போர்த்துவதே கண்டிஷனரின் வேலை. அது சாமானியமான வேலையும் அன்று. சிக்கின்றிச் சீவப்படும் முடி அறுபடுவது குறைகிறது என்பதே பெரும் பிரயோஜனம்.

இந்தப் போர்வை முடியில் எவ்வாறு ஒட்டுகிறது என்பதில்தான் இரசாயன சாஸ்திரத்தின் அழகு இருக்கிறது. ஏறத்தாழ 3.67 என்ற பி.எச். அளவில் முடியின் மின்னூட்டம் சமனாகி நிற்கிறது. நாம் குளிக்கும் நீரின் பி.எச். அதைவிட மிக உயர்ந்தது. ஆதலால் நனைந்த முடி எப்போதும் எதிர்மின் தன்மை கொண்டதாகவே இருக்கிறது, சேதம் எங்கே அதிகமோ அங்கே அத்தன்மையும் அதிகம். நேர்மின் தன்மையுள்ள மூலக்கூறு ஒன்றை அதன்மேல் விட்டால், சேதமுற்ற இடங்களைத் தானே தேடிச் சென்று அது பற்றிக்கொள்கிறது. பட்டியலில் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு என்றும், செட்ரைமோனியம் குளோரைடு என்றும், ஸ்டியரமிடோபுரோபைல் டைமெதிலமைன் என்றும் அச்சுறுத்தும் பெயர்களோடு நிற்பவை இந்த வேலையைச் செய்கிறவையே. முதலாவது 22 கரியணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி. தடித்த, வறண்ட, சுருண்ட கேசத்தை நன்றாக அடக்கும். இரண்டாவது 16 கரியணுக்கள் கொண்டது. படலம் இலேசாக அமையுமாதலால் மெல்லிய முடிக்கு ஏற்றது. மூன்றாவது, அமிலம் சிறிது சேர்ந்தால் மட்டுமே நேர்மின் தன்மை பெறும்; அதனால்தான் அதன் கூடவே சிட்ரிக் அமிலமோ லாக்டிக் அமிலமோ பட்டியலில் காணப்படும். இரண்டு புட்டிகளை ஒப்பிட விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆசாமிகளில் யார் எங்கே நிற்கிறார் என்பதைத்தான்.

அவற்றுக்கு முன்னால் தண்ணீரும், பெரும்பாலும் செட்டியரில் ஆல்கஹால் அல்லது செட்டைல் ஆல்கஹாலும் இருக்கும். ஆல்கஹால் என்ற பெயரைக் கண்டு முடி வறண்டுபோகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆவியாகிப் பறந்துபோகும் சாராய வகையைச் சேர்ந்தவை அல்ல இவை. மெழுகைப்போல் கெட்டியாக இருக்கும் கொழுப்புப் பொருள்கள். முற்கூறிய நேர்மின் பொருளோடு கூடி அடுக்கடுக்கான அமைப்பாகி, குழம்புக்கு அதன் திண்மையையும் முடிக்கு அதன் வழவழப்பையும் அளிப்பவை இவையே.

அடுத்தது சிலிகோன் வகை. டைமெத்திகோன் முடியின்மேல் வழுக்கும் மெல்லிய ஏடாகப் படிகிறது. அமோடைமெத்திகோன் சேதமுற்ற இடங்களைத் தேர்ந்து படிகிறது. சைக்ளோபென்டாசிலோக்ஸேன் சிறிது நேரம் மினுமினுப்பைத் தந்துவிட்டு ஆவியாகிவிடுகிறது. இவை முடியை நாசமாக்குகின்றன என்ற கூற்றுக்கு ஆதாரமில்லை. மிகுதியாகப் படிந்தால் முடி கனத்துத் தொய்யும், சாதாரண ஷாம்புவில் பெரும்பகுதி கழன்றுவிடும், அவ்வளவே. ஆனால் கழுவிய நீரோடு அவை போகுமிடம் வேறு விஷயம். சூழலில் எளிதில் சிதையாமல் தங்கிவிடும் என்ற காரணத்தால், சைக்ளோபென்டாசிலோக்ஸேனைக் கழுவிவிடும் பொருள்களில் 0.1 சதவிகிதத்துக்கு மேல் சேர்க்கலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முடிவிலிருந்து தடுத்துவிட்டது. நம் ஆறுகளும் ஏரிகளும் அந்தக் கவலைக்குப் பாத்திரமல்ல என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இனி, புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் நிற்கும் ஆர்கன் எண்ணெய், கெராட்டின், பயோட்டின் ஆகியவற்றின் யோக்கியதையைப் பரிசோதிக்கும் வழியைச் சொல்கிறேன். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, ஒரு சதவிகிதத்துக்கு மேற்பட்ட பொருள்கள் யாவும் அளவின் இறங்குமுறையில் எழுதப்பட வேண்டும். அதற்குட்பட்டவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். இந்த ஒரு சதவிகிதக் கோடு பட்டியலில் போடப்படுவதில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஓர் உபாயம் இருக்கிறது. ஃபீனாக்ஸியெத்தனால் என்னும் கெடாமல் காக்கும் பொருள் ஒரு சதவிகிதத்துக்கு மேல் சேர்க்கப்படலாகாது என்பது நியதி. ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் வருகிறவை அனைத்தும் ஒரு சதவிகிதமோ அதற்கும் குறைவோதான். முகப்பில் கொலுவீற்றிருக்கும் எண்ணெய் பட்டியலில் இந்தப் பெயருக்கு அப்பால், வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் ஒதுங்கி நிற்பதைக் கண்டால், எதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்று வாங்குகிறவர் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம். விலையில் பன்மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு கண்டிஷனர்களின் முதல் ஐந்து பொருள்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது அபூர்வமன்று. பயோட்டினைப் பொறுத்தவரையில், தலையில் தடவிக் கழுவிவிடும் குழம்பிலுள்ள அது முடியை வளர்க்கும் என்பதற்குத் தக்க ருசு கிடையாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் வீட்டுப் பொருள்களையும் இதே கண்ணோடு பார்ப்பதுதான் நியாயம். தேங்காயெண்ணெயைப் பற்றி 2003-இல் ஆர்த்தி ரேலேயும் ஆர்.பி. மொஹிலேயும் வெளியிட்ட ஆராய்ச்சி பிரசித்தமானது. கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் கழன்றுபோவதைக் குறைப்பது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று அவர்கள் கண்டார்கள். அவ்விருவரும் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே அதை வாசிக்க வேண்டும். ஆயினும் அவர்கள் காட்டிய காரணம் பொருத்தமானது. தேங்காயெண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலக் கொழுப்பு, சிறிய, நேரான மூலக்கூறாதலால் முடித்தண்டின் உள்ளே புகுந்துவிடுகிறது. கனிம எண்ணெய்க்குப் புரதத்தோடு அத்தகைய உறவு இல்லாமையால் அது மேலேயே தங்கிவிடுகிறது. தலைகுளிப்பதற்கு முன்னால் எண்ணெய் வைக்கும் நம் பாட்டிமாரின் வழக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சியம் வேண்டியதில்லை. எனினும் பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயை ஊறவிடலாகாது. பொடுகோடு தொடர்புள்ள மலாசீசியா என்னும் பூஞ்சை அந்தக் கொழுப்பமிலங்களையே உண்டு பெருகும் தன்மையது.

வெந்தயத்தின் கதை இன்னும் சுவையானது. ஊறவைத்து அரைத்த வெந்தயத்தின் வழவழப்புக்குக் காரணமான காலக்டோமன்னன் என்னும் கூட்டுச்சர்க்கரைப் பசை, கொத்தவரை விதையிலிருந்து கிடைக்கும் குவார் கோந்துக்கு நெருங்கிய உறவு. அந்தக் கொத்தவரைக் கோந்துக்கு நேர்மின் தன்மை ஏற்றிச் செய்ததே பல ஷாம்புகளின் பட்டியலில் குவார் ஹைட்ராக்ஸிபுரோபைல்ட்ரைமோனியம் குளோரைடு என்ற பெயரில் நிற்பது. அரைத்த வெந்தயம் முடிக்கு வழுக்கலைத் தந்து சிக்கை அவிழ்த்தாலும் அலசியவுடன் பெரும்பாலும் கழன்று ஓடிவிடுகிறது. ஆலையில் மின்னூட்டம் பெற்ற அதன் உறவு முடியோடு தங்கிவிடுகிறது. செம்பருத்தி இலைக் குழம்புக்கும், சீயக்காயைக் கரைக்கும் வடிகஞ்சிக்கும் இதே குணமும் இதே எல்லையும் உண்டு. இயற்கை, செயற்கை என்று இரு கட்சிகளாகப் பிரிந்து வாதிடுகிறவர்கள் இந்த உறவைக் கவனித்தால் நன்று.

பட்டியலை வாசிப்பது வெறும் சிக்கனத்துக்கு மட்டும் அன்று; தேக சுகத்துக்கும் அது அவசியம். தண்ணீர் கலந்த குழம்பு கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்களில் மெத்தில்ஐசோதயாசோலினோன் என்பது ஒன்று. ஒவ்வாமையை உண்டாக்குவதில் அது எவ்வளவு மோசமானது என்பதைக் கண்ட அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம், 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதையே அறிவித்தது. ஐரோப்பாவில் தோலில் தங்கவிடும் பொருள்களில் அது அறவே கூடாது, கழுவிவிடும் பொருள்களில் 0.0015 சதவிகிதத்துக்கு மேல் கூடாது. கழுத்திலும் காதோரத்திலும் அரிப்பும் சிவப்பும் கண்டு மருத்துவரிடம் போகிற ஒரு பெண்மணி, தான் தலைக்குத் தேய்த்ததில் என்ன இருந்தது என்று சொல்ல முடிந்தால்தான் வைத்தியம் நேர்வழியில் நடக்கும்.

அந்தப் பெண்மணி பெரிய புட்டி வாங்கியவளானால் சொல்லிவிடலாம். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்து வாங்கியவளானால் சொல்ல முடியாமற்போகலாம். ஏனெனில் முன்பு சொன்ன நம் நாட்டு விதிகள், 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவப் பொருளுக்கும் 30 கிராமுக்குக் குறைந்த கெட்டிப் பொருளுக்கும் இந்தப் பட்டியல் அவசியமில்லை என்று விலக்கு அளித்திருக்கின்றன. சில நிறுவனங்கள் தாமாகவே அச்சிடுகின்றன, அது பாராட்டுக்குரியது. ஆனால் அச்சிடாதவரைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. இந்தப் பாக்கெட் முறை வேரூன்றியதே நம் மண்ணில்தான். பணக்காரர் வீட்டுக் குளியலறையில் மட்டும் இருந்த ஷாம்புவைக் கூலி வேலை செய்கிறவரும் வாங்கத்தக்கதாகச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடிகளில் கடலூர் சின்னிகிருஷ்ணன் ஒருவர். அவர் புதல்வர் சி.கே. ரங்கநாதன் அதே ஊரில் தொடங்கிய சிக் ஷாம்பு அந்த முறையைக் கிராமந்தோறும் கொண்டுசென்றது. பொருளை ஏழைக்கு எட்டச் செய்த அந்தப் பெரிய காரியம், பொருளைப் பற்றிய அறிவையும் எட்டச் செய்யாமல் பாதியில் நின்றுவிட்டது என்பதே என் மனக்குறை. வாரந்தோறும் பாக்கெட் வாங்குகிறவர் சில வருஷங்களில் பயன்படுத்தும் அளவு பெரிய புட்டி ஒன்றை மிஞ்சிவிடும். ஒரு தடவை வாங்கும் அளவைக் கொண்டு அவருடைய உரிமையை அளப்பது நியாயமாகாது.

இடமில்லை என்று சொல்வார்கள். சரத்தின் மேல்நுனியில் அச்சிடலாம், கடையில் மாட்டும் அட்டையில் அச்சிடலாம். மிகச் சிறிய பொருளில் பட்டியல் எழுத இயலாதபோது விற்குமிடத்தில் அதன் அருகே அறிவிப்பாக வைக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் வழி கண்டிருக்கிறது. நம்மால் ஏன் இயலாது? இரசாயனப் பெயர்களை உலகெங்கும் வழங்குகிறபடியே விட்டுவிட்டு, மிருதுவாக்குவது, கெடாமல் காப்பது, மணமூட்டுவது என்று ஒவ்வொன்றின் தொழிலையும் தமிழில் ஓரிரு சொற்களில் பக்கத்தில் குறித்தால் போதும். விதியைத் திருத்தும் அதிகாரம் மத்திய சர்க்காரிடம் இருக்கிறது. உற்பத்தி உரிமம் வழங்குவது மாநிலம். ஆகவே தமிழ்நாட்டு சர்க்கார் இதை வற்புறுத்திக் கேட்கலாம். இங்குள்ள நிறுவனங்களோ திருத்தம் வரும்வரை காத்திருக்கவே வேண்டியதில்லை, விதி விலக்கு அளிக்கிறதேயன்றி அச்சிடுவதைத் தடுக்கவில்லை. முழுப் பட்டியலுக்கு உண்மையாகவே இடம் போதாத பாக்கெட்டில், கெடாமல் காக்கும் பொருளின் பெயரையும் மணமூட்டும் பொருளின் பெயரையுமாவது இந்த வருஷமே அச்சிடத் தொடங்கட்டும். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விக்கு விடை அந்த இரண்டில்தான் பெரும்பாலும் இருக்கிறது.