முகம் இல்லாத ரூபாய்

பழங்காசு என்றால் அதில் ஒரு ராஜா முகம் இருக்க வேண்டும், இல்லையா? ஜெர்மனியின் பழைய குறுநில மன்னர்கள் அடித்த 'தாலர்' வெள்ளிக் காசுகளைப் பாருங்கள். பலவற்றில் அரசரின் முகம், மறுபக்கம் அவருடைய குலச்சின்னம். (டாலர் என்ற பெயரே தாலரிலிருந்து வந்ததுதான்.) எந்த நாட்டுக் காசு என்று யாரும் அலைய வேண்டியதில்லை.

நம்ம புதுச்சேரிக் கதை வேறு. இங்கே பிரெஞ்சுக் கம்பெனி அடித்த வெள்ளி ரூபாயில் பிரெஞ்சு ராஜாவின் முகமும் இல்லை, பெயரும் இல்லை! 1736-இல் கவர்னர் துய்மா, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடம் அனுமதி வாங்கித்தான் ரூபாய் அடித்தார். அதனால் காசில் இருப்பது மொகலாய பாதுஷாவின் பெயர், பாரசீக எழுத்தில். ஊர்ப்பெயர்கூட ஆற்காடுதான். புதுச்சேரிக்கு அடையாளம் ஒரு சின்னப் பிறை. சென்னையில் ஆங்கிலேயர் அடித்த ஆற்காட்டு ரூபாய்க்குத் தாமரை.

ஏன் இந்த வேஷம்? வியாபாரம்தான். அன்றைக்கு வில்லியனூரும் பாகூரும் நவாப் சீமை. பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது டூப்ளே காலத்தில், 1749 வாக்கில். நவாப் சீமையில் துணி வாங்க, நெல் வாங்க, அங்கே செல்லுபடியாகிற காசு வேண்டாமா? பதினைந்தாம் லூயியின் மூஞ்சியை யார் நம்புவார்கள்!

அந்தத் தந்திரமே இன்று அந்தக் காசுக்கு எமனாகிவிட்டது. பாகூர்ப் பக்கம் கடைக்கால் தோண்டும்போது ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். செப்புக் காசென்றால் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழிலேயே புதுச்சேரி என்று இருக்கும். யாரும் எடுத்து வைப்பார்கள். வெள்ளி ரூபாயிலோ ஏதோ புரியாத எழுத்து. பதினொரு கிராம் சொச்சம் வெள்ளி. நேராகக் கடைக்குப் போய்க் கொலுசாகிவிடும். ஆட்சியாண்டு போச்சு, எந்த ஊர் மண்ணில் கிடைத்தது என்ற தகவலும் போச்சு. இந்த ரூபாய் எந்தெந்த கிராமம் வரை புழங்கியது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி இருக்கிறது?

இதற்காக விற்றவரைத் திட்டுவது நியாயமில்லை. நாட்டில் இதற்கென்று இருப்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொள்ள நினைத்தால் உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கும். ஆக, சர்க்காரும் தராசில்தான் வைக்கிறது! வெள்ளிக்கடைக்காரர் கேள்வி கேட்காமல் காசு தருகிறார். அலுவலகத்துக்கு நடையாய் நடந்து கிடைப்பது கொஞ்சம் கூடுதல். எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

சேகரிப்பாளர் தருகிற விலையை அரசு தரட்டும், காசு தானாக வந்து சேரும். சட்டம் மாற நாளாகும் என்பது தெரிந்ததுதான். அதுவரை வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகச் சுவர்களிலும் அங்குள்ள பள்ளிக்கூடங்களிலும் அந்தப் பிறை போட்ட ரூபாயின் படத்தைப் பெரிதாக்கி ஒட்டலாமே. ஆகிற செலவு ஜெராக்ஸ் காசு.