கல்யாணமானால் சுகர் சரியாகுமா?

"கல்யாணமாகட்டும், எல்லாம் சரியாயிடும்." பிசிஓடி உள்ள பெண்ணுக்கு நம்மூரில் கிடைக்கும் முதல் வைத்தியம் இதுதான். அடுத்தது, "ஒரு குழந்தை பிறக்கட்டும்." பிறந்ததும் ஃபைலை மூடிவிடுகிறார்கள். என் சண்டை அந்த மூடிய ஃபைலோடுதான்.

நீர்க்கட்டி என்ற பெயரே பாதிப் பொய். ஸ்கேனில் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். 1935இல் சிகாகோவில் ஸ்டெய்னும் லெவெந்தாலும் சினைப்பையைப் பார்த்து விவரித்தார்கள். நோய் அந்த உறுப்பின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயர் திசைதிருப்புகிறது, மாற்றுங்கள் என்று 2012இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவே சொன்னது.

பெரும்பாலானோருக்கு அடியில் இருப்பது இன்சுலின் சிக்கல். இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின், ஆண்ட்ரோஜனைக் கூடுதலாகச் சுரக்கும்படி சினைப்பையைத் தூண்டுகிறது. பீரியட்ஸ் தள்ளிப்போவதும் தாடையில் முடி முளைப்பதும் வெளியே தெரிகிறது. சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் ஏறுவது தெரிவதில்லை. பின்கழுத்து கறுத்தால் அழுக்கு என்று பயத்தமாவு போட்டுத் தேய்க்கிறோம். பல நேரம் அது இன்சுலின் சிக்கலின் அடையாளம்.

எனக்கு பிசிஓடி என்று தெரிந்து பதினாறு வருஷமாகிறது. குழந்தை பற்றிப் பேசாத டாக்டரைப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு சுகர் உண்டா என்று கேட்டவர் ஒரே ஒருவர்.

"வெயிட்டைக் குறைம்மா" என்பார்கள். எடை குறைத்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒல்லியான பெண்ணுக்கும் இந்தச் சிக்கல் வரும். அவளை யாரும் டெஸ்டுக்கே அனுப்புவதில்லை. 2023இன் சர்வதேச வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: வயது, எடை எதுவானாலும் சர்க்கரை நோய் அபாயம் கூடுதல், இதய நோய்க்கான அபாயக் காரணிகளில் ஒன்றாகவே பிசிஓஎஸ்ஸைக் கருத வேண்டும்.

இருபத்தைந்தில் ஹார்ட் அட்டாக் வருமென்று பயமுறுத்தவில்லை. இளம் வயதில் அது அபூர்வம். ஐம்பதில் வரப்போவதைத் தள்ளிப்போட இருபத்தைந்தில் வழி இருக்கிறது என்கிறேன்.

கேட்பதும் பெரிதில்லை. நோய் தெரிந்த அன்றே குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைச் சோதனை, கொலஸ்ட்ரால் சோதனை. பிறகு ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி சர்க்கரை. வருஷம் ஒருமுறை பிபி. சாதாரண லேபில் முடிகிற வேலை. கல்யாணம் ஆனவளுக்கும் ஆகாதவளுக்கும், குழந்தையே வேண்டாம் என்பவளுக்கும் இது பொருந்தும். அவள் இதயம் யாருக்கும் அம்மாவாகும் முன்பிருந்தே துடித்துக்கொண்டிருக்கிறது.