பொருளாதாரம் படித்தவளுக்குப் பொருளாதாரம் இல்லையாம்!

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் தோழரைக் கேட்டுப் பாருங்கள். பாவு எவ்வளவு, ஊடை எவ்வளவு, நூல் விலை ஏறியபோது கூலி எங்கே நின்றது என்பதையெல்லாம் காகிதமின்றியே கணக்குச் சொல்வார். அவர் மகள் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்ற பிரிவில் படித்துத் தேறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். டில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் படிக்க விரும்பினால் அவளுக்குக் கிடைக்கும் பதில் என்ன? "கணிதம் படிக்கவில்லையா? இடமில்லை!"

பொருளாதாரப் புத்தகத்தில் ஒரு பக்கமும் புரட்டாத, ஆனால் கணிதம் படித்த மாணவனோ அதே வகுப்புக்குப் போட்டியிடலாம். என்னே விந்தை! சங்கரனும் நாராயணனும் ஒரே உருவில் நிற்பதாகச் சொல்லும் ஊர் இது. பள்ளியிலோ கணிதம் ஒரு பிரிவு, பொருளாதாரம் வேறு பிரிவு! வணிகக் கணிதம் சேர்ந்த பிரிவு உண்டே என்பார்கள். அது எல்லாப் பள்ளியிலும் உண்டா?

கணிதமே வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1923-இல் ரூபாய்ச் சிக்கலைப் பற்றி எழுதிய நூல் வரலாற்றையும் புள்ளிவிவரத்தையும் கொண்டே வாதாடிற்று. 1947-இல் சாமுவேல்சன் நூல் வந்தபின் கணிதமே அத்துறையின் ஆட்சிமொழி ஆகிவிட்டது. விலை ஏறினால் விற்பனை எவ்வளவு குறையும் என்று அளக்க நுண்கணிதம் வேண்டும்.

தமிழ்நாட்டில் பி.ஏ. பொருளாதாரம் சேரக் கணிதம் கேட்பதில்லை, உண்மைதான். எம்.ஏ.வில் அது எதிரே வந்து நிற்கிறதே! 2024 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகள், முன்பு எந்தப் பாடம் படித்திருந்தாலும் நுழைவுத் தேர்வில் தேறினால் வேறு துறையில் சேரலாம் என்றன. நல்லது. ஆனால் சேர்ந்த பிறகு? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனி ட்யூஷன் வைத்துக் கரையேறும். தறிக்காரர் மகள் கரும்பலகையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதா?

தடையை எடுத்தால் மட்டும் போதாது. பொருளாதாரத்துக்கு வேண்டிய கணிதத்தை மட்டும் தமிழில், கட்டணமின்றி, இரண்டு மாதம் அரசுக் கல்லூரிகளில் நடத்தட்டும். தேர்வை அதன் முடிவில் வைக்கட்டும்.

அதுவரை நம் படிப்பகங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தோழர்களுள் கணித ஆசிரியர்கள் இல்லையா? பதினோராம் வகுப்புச் சேர்க்கை நாளன்று பள்ளி வாசலில் நில்லுங்கள். எந்தப் பிரிவு எந்தக் கதவைச் சாத்தும் என்பதை, தகப்பனார் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.