ஜன்னலைக் கழிக்கணுமா, வேண்டாமா?

வீடு கட்டிய எல்லோருக்கும் தெரிந்த சண்டை இது. பூச்சு வேலைக்கு அளவெடுக்கும்போது, "ஜன்னல் இருக்கிற இடத்தில் நீங்க பூசவே இல்லையே, அதைக் கழிங்க" என்பார் வீட்டுக்காரர். "ஜன்னலைச் சுற்றி ஓரம் பூசினோமே, அதுக்கு யார் கூலி கொடுப்பா?" என்பார் மேஸ்திரி.

இதற்கான பதில் ஐ.எஸ். 1200 என்ற இந்திய அளவீட்டு விதியில் இருக்கிறது. திறப்பு அரை சதுர மீட்டருக்குள் இருந்தால் கழிக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பூசியிருந்தால், ஒரு பக்கத்தை மட்டும் கழிக்க வேண்டும். கழிக்காத பக்கம் ஓரப் பூச்சுக்கு ஈடு. 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னல் என்றால் கழிவது 1.44 சதுர மீட்டர்தான்.

இப்படி அளந்து, விலை போட்டு, கணக்கை நியாயமாக முடித்துக் கொடுப்பவர்தான் குவான்டிட்டி சர்வேயர். நிலம் அளக்கும் சர்வேயர் வேறு. இவர் வரைபடத்தைப் பார்த்து கம்பி, கான்கிரீட், செங்கல் எவ்வளவு என்று பட்டியல் போடுவார். டெண்டர் விலைகளை ஒப்பிடுவார், பில்களைச் சரிபார்ப்பார், நடுவில் மாறிய வேலைக்கு விலை பேசுவார். நிறுவனத்தின் லாபமும் நஷ்டமும் இவர் கணக்கைப் பொறுத்தும் அமையும்.

இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே 4 ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் சிவில் டிப்ளமோ அல்லது பி.இ. முடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். 1868-ல் லண்டனில் தொடங்கிய ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சார்ட்டர்ட் சர்வேயர்ஸ் அமைப்பின் உறுப்பினர் தகுதிக்கு வளைகுடா நாடுகளில் மதிப்பு உண்டு. அதற்குப் படிப்போடு அனுபவமும் வேண்டும்.

சில வாரங்களில் சாஃப்ட்வேர் கற்றுத்தந்து, வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று சொல்லும் பயிற்சி மையங்களிடம் கவனம் தேவை. சாஃப்ட்வேர் வேகமாகக் கூட்டிப் பெருக்கும். எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்பதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே, பணம் கட்டும் முன் பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்கலாம். வரைபடத்திலிருந்து கையால் அளவெடுக்கச் சொல்லித் தருவார்களா? ஒப்பந்தச் சட்டம் பாடத்தில் உண்டா? கட்டட வேலை நடக்கும் இடத்தில் பயிற்சி தருவார்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், அந்தப் பணத்தைக் கட்டாமல் இருப்பதே நல்லது.